முன்னோர் முப்பது அடி உயரமா, முப்பது வயதில் செத்தார்களா?

தேனருவி:
என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரே நாளில் இரண்டு செய்திகளோடு வந்து நின்றாள். ஒன்று, வகுப்பில் சொன்னது: பழங்காலத்தில் மனிதனின் சராசரி ஆயுள் 30 ஆண்டு. இன்னொன்று, உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்: பெரிய குழிக்குள் மனித எலும்புக்கூடு கிடக்கிறது, அதன் மண்டையோட்டுப் பக்கம் ஓர் ஆள் விரல் நீளத்துக்குத் தெரிகிறார். கீழே, "நம் முன்னோர் முப்பது அடி உயரம், ஆயிரம் ஆண்டு ஆயுள்" என்று எழுதியிருந்தது. "இரண்டில் எதும்மா உண்மை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதாதை:
படத்தை விடுங்கள் அம்மா, அது போலியாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கருத்தை அப்படித் தள்ளிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இன்றைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியரின் பட்டியலில் அரசர்கள் பல்லாயிரம் ஆண்டு ஆண்டார்கள். பைபிளில் ஆதாம் 930, நோவா 950, மெத்தூசலா 969. மனுநூல் கிருத யுகத்தில் ஆயுள் 400 என்று தொடங்கி, யுகத்துக்கு நூறாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. நம் பக்கம் இறையனார் களவியல் உரை, முதற்சங்கம் 4440 ஆண்டு, 89 அரசர்கள் என்கிறது. கணக்குப் போட்டால் ஓர் அரசருக்குச் சராசரி 50 ஆண்டு ஆட்சி. இவ்வளவு பேரும், இவ்வளவு இடங்களில், ஒரே பொய்யையா சொன்னார்கள்? முன்பு நீண்டது, இப்போது குறைந்தது என்று எல்லோரும் ஒரே திசையைத்தான் காட்டுகிறார்கள்.

பிரமிடையும் பாருங்கள். ஒரு கல் சராசரி இரண்டரை டன். நம்மைப் போன்ற உடம்புக்காரர்கள் செய்கிற வேலையா அது?

களிமண்பலகை:
முதலில் படத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் இருபது ஆண்டுக்கு மேலாக அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2002ல் வொர்த்1000 என்ற இணையதளத்தில் படங்களைக் கணினியில் மாற்றிக் காட்டும் போட்டி நடந்தது. அதற்காகச் செய்த படம் இது. அடியில் இருக்கும் குழி நிஜம். 2000ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் மாஸ்டோடான் என்ற அழிந்துபோன யானை இனத்தின் எலும்புகளைத் தோண்டியபோது எடுத்த படம் அது. அதன் மேல் மனித எலும்புக்கூட்டை ஒட்டினார்கள். பிறகு யாரோ எடுத்து, பாலைவனத்தில் கிடைத்தது என்று கதை கட்டிப் பரப்பிவிட்டார்கள்.

இனி மூதாதை ஐயா சொன்னதுக்கு வருகிறேன். அவர் காட்டிய சான்றுகள் முக்கியமானவை, அவற்றை மதித்துத்தான் பேச வேண்டும். சுமேரிய அரசர் பட்டியலின் நல்ல படி ஒன்று ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. ஒரு சாண் உயரத்தில் நாலு பக்கமுள்ள களிமண் கட்டை, நாலு பக்கமும் ஆப்பெழுத்து. கி.மு. 1800ஐ ஒட்டியது. அதில், உலகை மூழ்கடித்ததாகச் சொல்லும் வெள்ளத்துக்கு முன் எட்டு அரசர்கள், மொத்தம் 2,41,200 ஆண்டு. முதல்வர் அலுலிம் 28,800 ஆண்டு. இன்னொருவர் 43,200 ஆண்டு.

இந்த எண்களை 3600ஆல் வகுத்துப் பாருங்கள். 28,800க்கு 8. 43,200க்கு 12. மொத்தத்துக்கு 67. மீதியே வராது. சுமேரியர் அறுபதை அடியாக வைத்து எண்ணியவர்கள். அறுபது அறுபது 3600, அதற்கு "சார்" என்று பெயர். நாம் "கோடி கோடியாக" என்று சொல்வதுபோல அது அவர்களுக்குப் பெரிய முழு எண். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் குறித்து வைத்துக் கழித்தால் எட்டு அரசரில் ஆறு பேருக்கு இப்படி அமையுமா?

அதே பட்டியல் வெள்ளத்துக்குப் பின் சட்டென்று இறங்குகிறது. கிஷ் நகரின் முதல் அரசனுக்கு 1200 ஆண்டு. கில்கமேஷுக்கு 126. அக்காத்தின் சார்கோன் வரும்போது ஐம்பது சொச்சம். ஆள் எந்த அளவுக்கு அருகில் வருகிறானோ, அந்த அளவுக்கு எண் மனித எண் ஆகிறது. சார்கோன் காலத்தில் கல்வெட்டும் கணக்கும் இருந்தன, இஷ்டத்துக்கு எழுத முடியாது.

மூதாதை:
சரி, சுமேரியருக்கு அறுபது. சங்கத்துக்கு?

களிமண்பலகை:
முப்பத்தேழு. களவியல் உரை சொல்லும் மூன்று எண்களும் 4440, 3700, 1850. 37ஐ 120ஆல் பெருக்கினால் முதலாவது, 100ஆல் பெருக்கினால் இரண்டாவது, 50ஆல் பெருக்கினால் மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் 9990. நான் முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உரையாசிரியர் நம்மை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக அமைந்த எண்ணில் பழமையைச் சொல்வது அந்தக் காலத்து மரியாதை. நாம் அதை நாட்காட்டியாக வாசித்தால் தவறு நம்முடையதுதான்.

மூதாதை:
நீங்கள் 37 என்று சொன்னபிறகு நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பைபிள் எண்கள் அப்படி வட்டமாக இல்லையே. 969, 962, 895. இவற்றைச் சந்திர மாதங்கள் என்று எடுத்துக்கொண்டால் 969 மாதம் ஏறக்குறைய 78 ஆண்டு ஆகிறது. மனித ஆயுள்தானே? பதிவு உண்மை, அலகுதான் வேறு என்று ஏன் கொள்ளக் கூடாது?

களிமண்பலகை:
பலருக்கும் பிடித்த விளக்கம் இது, ஆனால் அடுத்த வரியிலேயே உடைந்துவிடும். ஏனோக்கு 65 வயதில் மெத்தூசலாவைப் பெற்றான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. 65 மாதம் என்றால் அப்பாவுக்கு ஐந்தேகால் வயது.

நெடுவழி:
களிமண்பலகை சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தேனருவி கேட்ட கேள்வியில் பாதியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வகுப்பில் சொன்ன அந்த "30" அதைவிடப் பெரிய தவறைப் பிள்ளைகள் மனதில் விதைக்கிறது. அந்தக் காலத்தில் 30 வயதுக்காரர் கிழவர் என்று படித்த பெரியவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு கணக்குப் போடுங்கள். பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன. மூன்று ஒரு வயதுக்குள் இறக்கின்றன. இரண்டு ஐந்து வயதில் இறக்கின்றன. மிச்சம் ஐந்து பேர் 45, 55, 60, 65, 70 வயது வரை வாழ்கிறார்கள். பத்துப் பேரின் வயதையும் கூட்டினால் 305. சராசரி 30.5. இந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 30ஐ ஒட்டிச் சாகவில்லை! நவீன மருத்துவத்துக்கு முந்தைய உலகம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. பிறந்ததில் ஏறக்குறைய கால் பங்கு முதல் ஆண்டைத் தாண்டாது, பாதி வளர்ந்து ஆளாகாது. சராசரியைக் கீழே இழுத்தது குழந்தை மரணம். தப்பிப் பிழைத்தவர்கள் நரைத்தார்கள், கூன் விழுந்தார்கள், பேரப்பிள்ளை பார்த்தார்கள்.

பழைய இலக்கியமே சாட்சி. எகிப்தின் ப்தாஹோத்தெப் அறிவுரை தொடங்குவதே முதுமையின் புலம்பலில்தான்: கண் மங்கிவிட்டது, காது அடைத்துவிட்டது, நேற்று நடந்தது நினைவில்லை, எலும்பெல்லாம் வலி. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய சுவடியில் இருக்கிறது இது. 90ஆம் சங்கீதம் மனித ஆயுள் எழுபது, பலமிருந்தால் எண்பது என்கிறது. கிரேக்கத்தில் சோலோன் வாழ்க்கையை ஏழேழு ஆண்டாகப் பத்துப் படியாகப் பிரித்தார், அதுவும் எழுபதுதான். ரோமின் அகஸ்தஸ் 75 வயதில் இறந்தார், அவர் மனைவி லிவியா 86ல். கிரேக்க நாடக ஆசிரியர் சோபோக்ளிஸ் தொண்ணூறை ஒட்டி வாழ்ந்தார், பேச்சுக்கலை ஆசிரியர் ஐசாக்ரட்டீஸ் 98.

புறநானூற்றில் 243ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பூண் போட்ட கைத்தடியை ஊன்றி, உடம்பு நடுங்க நிற்கிறார் ஒரு கிழவர். சிறுவனாக இருந்தபோது குளத்தின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருள, தண்ணீர் தெறிக்கத் துடுமெனக் குதித்து, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு வந்ததை நினைக்கிறார். இப்போது "இருமிடை மிடைந்த சிலசொல்". இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே அகப்பட்ட இரண்டொரு சொல். முப்பது வயதில் எல்லோரும் போய்ச் சேர்ந்த ஊரில் இந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள யார் இருந்திருப்பார்கள்?

மூதாதை:
நெடுவழி தம்பி, நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள். பிசிராந்தையாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "யாண்டு பலவாக நரையில ஆகுதல்" எப்படி என்று கேட்டார்கள் அவரை. வயது ஏறியும் நரையில்லை! அப்படி உடம்பு வைத்திருந்தார்கள்.

நெடுவழி:
இல்லை ஐயா, நான் உங்கள் கட்சியும் இல்லை. எல்லோருக்கும் நரைத்திருந்ததால்தான் இவரை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: மனிதனால் அதிகபட்சம் எவ்வளவு காலம் வாழ முடியும் என்பது அன்றும் இன்றும் பெரிதாக மாறவில்லை. எத்தனை பேர் அந்த வயதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. பிறப்புச் சான்றோடு உறுதியான மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ஜான் கால்மோனுடையது, 122 ஆண்டு 164 நாள். 1997ல் இறந்தார். உலகத்தில் இவ்வளவு கோடிப் பேர் பிறந்து வளர்ந்தும் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

மூதாதை:
சீனாவில் 1933ல் இறந்த லீ சிங்-யுன் 256 வயது வாழ்ந்தார் என்று பத்திரிகைகளில் வந்ததே?

நெடுவழி:
வந்தது. அவர் பிறந்த ஆண்டு 1677 என்று ஒரு கூற்று, 1736 என்று இன்னொரு கூற்று. இரண்டுக்கும் நடுவே 59 ஆண்டு இடைவெளி இருக்கிறது. சான்று இல்லாத இடத்தில்தான் வயது வளரும். பதிவேடு நன்றாக இருக்கும் நாட்டிலேயே தவறு நடக்கிறது. ஜப்பானில் 2010ல் ஆராய்ந்தபோது, நூறு வயது தாண்டியதாகக் குடும்பப் பதிவேட்டில் இருந்தவர்களில் 2,30,000 பேருக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. பெரும்பாலோர் எப்போதோ இறந்தவர்கள், பெயரை நீக்க ஆளில்லை. இன்றைக்கே இப்படி என்றால் நாலாயிரம் ஆண்டுக்கு முன்?

எக்ஸ்ரேகாரன்:
நான் எக்ஸ்ரே பிரிவில் பல ஆண்டாக வேலை பார்ப்பவன். ஆயுளைப் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள், உயரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஒரு பத்து வயதுப் பிள்ளையின் முழங்காலைப் படம் எடுத்தால், தொடை எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரியும். புதிதாகப் பார்க்கும் பெற்றோர் "எலும்பு உடைந்திருக்கிறதா சார்?" என்று பதறுவார்கள். உடைவு இல்லை, வளர்ச்சித் தட்டு அது. இன்னும் எலும்பாகாத குருத்து. உயரம் கூடுவது அந்த மெல்லிய இடத்தில்தான். பதின்வயது முடியும்போது கோடு மூடிக்கொள்ளும். மூடிய பிறகு எதைச் சாப்பிட்டாலும் ஓர் அங்குலம் ஏறாது. அந்தக் கோடு திறந்திருக்கும் காலத்தில் பட்டினியோ, தொடர் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ வந்தால் பாதிப்பு எலும்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரி உயரம் என்பது அவர்களுடைய குழந்தைப் பருவத்தின் குறிப்பேடு.

பழைய ஆட்களின் உயரத்தைத் தொடை எலும்பை வைத்துக் கணிக்கிறார்கள். அது நம் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. 45 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் சுமார் 168 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் எங்கும் பத்து அடி மனிதன் வரவில்லை. 32 லட்சம் ஆண்டுக்கு முந்தைய, லூசி என்று பெயர் வைத்த மனித முன்னினப் பெண் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டினாள். இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் 2003ல் எலும்பு கிடைத்த பழைய மனித இனத்தவரும் அதே உயரம்தான். நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் ஆண்கள் 165 சென்டிமீட்டரை ஒட்டி. பின்னால் போகப்போக மனிதன் பெரிதாகிறான் என்பதை எலும்பு சொல்லவில்லை.

முப்பது அடி மனிதன் நிற்கவே முடியாது. கலிலியோ 1638லேயே இதை எழுதினார். உயரத்தை இரண்டு மடங்காக்கி, அகலத்தையும் தடிமனையும் அதே அளவில் கூட்டினால் எடை எட்டு மடங்காகும். ஆனால் எலும்பின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். முப்பது அடி என்றால் நம்மைப்போல் ஐந்து மடங்கு உயரம்: எடை 125 மடங்கு, தாங்கும் பரப்பு 25 மடங்கு. சாதாரணமாக நடக்கும்போதே தொடை எலும்பு முறியும். பதிவான மிக உயரமான மனிதர் ராபர்ட் வாட்லோ, 272 சென்டிமீட்டர். பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறு. காலில் இரும்புத் தாங்கி போட்டுத்தான் நடந்தார். அந்தத் தாங்கி உரசி வந்த கொப்புளம் சீழ்ப்பிடித்து 1940ல் இறந்தார். வயது 22.

மூதாதை:
பைபிளில் வரும் ராட்சதன் கோலியாத்? ஆறு முழம் ஒரு சாண் என்று எழுதியிருக்கிறதே. ஒன்பதே முக்கால் அடி வருகிறது.

களிமண்பலகை:
எல்லாப் படிகளிலும் அப்படி இல்லை ஐயா. சாக்கடல் குகைகளில் கிடைத்த சாமுவேல் நூல் சுவடியிலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும், யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியதிலும் நாலு முழம் ஒரு சாண்தான். இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். கூடைப்பந்து ஆட்டக்காரரின் உயரம். நம் கைக்கு வந்தவற்றில் பழைய படி சின்ன எண்ணைச் சொல்கிறது, நாம் அதிகம் படிக்கும் பாடம் பெரிய எண்ணைச் சொல்கிறது. ராட்சதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்பதைச் சுவடியிலேயே பார்க்கலாம்.

பிரமிடுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2013ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ப் என்ற இடத்தில் பப்பைரஸ் தாள்கள் கிடைத்தன. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னன் காலத்து மேரெர் என்ற அதிகாரியின் வேலைக் குறிப்பு. இன்றைக்குத் தூராவில் கல் ஏற்றினோம், படகில் போனோம், கீசாவில் இறக்கினோம் என்று நாள் நாளாக எழுதியிருக்கிறார். பிரமிடு பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்பும் ரொட்டி சுட்ட அடுப்புகளும் கல்லறைகளும் இருக்கின்றன. அந்த எலும்புகள் நம் அளவுதான். முதுகெலும்பில் தேய்மானம், உடைந்து கட்டுப் போட்டு ஆறிய கைகால்கள். பிற்கால எகிப்திய மன்னன் துட்டன்காமூனின் கல்லறையில் அவன் படுத்த கட்டில், உட்கார்ந்த நாற்காலி, போட்ட செருப்பு எல்லாம் கிடைத்தன. அவன் உயரம் சுமார் 167 சென்டிமீட்டர்.

மூதாதை:
நியாயம். உயரத்தில் நான் பின்வாங்குகிறேன். ஆனால் எக்ஸ்ரேகாரர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். விவசாயத்துக்கு முந்தைய வேட்டைக்காரர்கள் பிந்தையவர்களைவிட உயரமாக இருந்தார்கள் என்று நானும் படித்திருக்கிறேன். அப்படியானால் "முன்பு உயரம், பிறகு குறைவு" என்ற நினைவு முழுப் பொய் இல்லையே?

எக்ஸ்ரேகாரன்:
நல்ல கேள்வி, அதைச் சொல்லியிருக்க வேண்டும். பனியுக ஐரோப்பாவின் வேட்டைக்கார ஆண்கள் பலர் 175ஐத் தொட்டவர்கள். பயிர்த்தொழில் பரவிய பிறகு பல இடங்களில் சராசரி 160களுக்கு இறங்கியது. ஒரே தானியத்தை நம்பிய உணவு, நெருக்கமான குடியிருப்பு, அழுக்குத் தண்ணீர், தொற்றுநோய். எலும்பில் அது பதிந்திருக்கிறது. பல்லிலும்தான். சில பழைய பற்களின் முன்பக்கம் நகத்தால் கீறியது போலக் குறுக்கே வரிவரியாகப் பள்ளம் இருக்கும். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த மாதங்களில் அந்தக் குழந்தை கடும் காய்ச்சலிலோ பசியிலோ கிடந்திருக்கிறது. எனாமல் பூசும் வேலை நின்று, மறுபடி தொடங்கியதன் அடையாளம் அது.

ஆனால் குறைந்தது மறுபடி ஏறுகிறது. நெதர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் படைக்கு வந்த இளைஞர்களின் சராசரி சுமார் 165 சென்டிமீட்டர். இன்று 183. நூற்றைம்பது ஆண்டில் ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆகவே யுகம் தேயத்தேய உடம்பும் தேய்கிறது என்ற ஒருவழிப் பாதை இல்லை.

நெடுவழி:
இதில்தான் எனக்கு உங்களோடு மாறுபாடு. வரியுள்ள பல்லைக் காட்டி "விவசாயிகள் நோயாளிகள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வரி விழ வேண்டுமென்றால் குழந்தை நோயிலிருந்து பிழைத்திருக்க வேண்டும். பிழைக்காத குழந்தையின் பல் வழுவழுவென்றுதான் இருக்கும். வரியே இல்லாத கல்லறை ஆரோக்கியமான ஊராகவும் இருக்கலாம், நோய் வந்த உடனே எல்லாக் குழந்தையும் போன ஊராகவும் இருக்கலாம். 1992லேயே ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை எழுப்பிவிட்டார்கள்.

எக்ஸ்ரேகாரன்:
ஒப்புக்கொள்கிறேன். பல்லை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது, உயரத்தையும் எலும்பின் தடிமனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயதைப் பல் முளைத்த வரிசையை வைத்து நெருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐம்பதைத் தாண்டிய ஆளின் வயதை எலும்பை வைத்துச் சொல்வது மிகக் கடினம். பழைய முறைகள் கிழவர்களை நாற்பது வயதுக்காரர்களாகக் காட்டிவிடும். "அந்தக் கல்லறையில் முதியவரே இல்லை" என்ற முடிவுகள் பல இப்படி வந்தவை.

களிமண்பலகை:
நெடுவழி, நீங்கள் இவ்வளவு சொன்னாலும் பழைய உலகை அழகாக்கிவிடாதீர்கள். பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் வாழ்க்கை எளிதாக இல்லை. பிரசவம் எத்தனை பெண்களைக் கொண்டுபோனது?

நெடுவழி:
அழகாக்கவில்லை. கர்வன், காப்லன் இருவரும் 2007ல் வேட்டையாடி வாழும் மக்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆளாகி இறந்தவர்களில் அதிகம் பேர் இறந்த வயது எழுபதை ஒட்டி வந்தது. அதற்கு முன்பே பலர் போனார்கள், மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயது என்பது மருத்துவமனை கண்டுபிடித்த ஒன்று இல்லை.

தேனருவி:
எல்லோருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இன்னும் இரண்டு கேள்விகள். உலகத்தின் முதல் இலக்கியம் எது? அதில் யாராவது ஆயிரம் ஆண்டு வாழ்ந்தார்களா?

களிமண்பலகை:
பாப்பா கேட்டது அருமையான கேள்வி. எழுத்து முதலில் இலக்கியத்துக்காக வரவில்லை. உரூக் நகரத்தில் கி.மு. 3200ஐ ஒட்டி எழுதிய பலகைகளில் இருப்பது இத்தனை படி பார்லி, இத்தனை ஆடு என்ற கணக்கு. இலக்கியம் என்று சொல்லத்தக்கது வர இன்னும் அறுநூறு எழுநூறு ஆண்டு ஆனது. சுருப்பாக்கின் அறிவுரை என்ற ஒன்று, மகனுக்குத் தந்தை சொல்லும் புத்திமதி, கி.மு. 2500ஐ ஒட்டிய பலகைகளில் கிடைக்கிறது. எகிப்தில் ஊனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவரில் எழுதியவை கி.மு. 2350 அளவில். நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆசிரியர் ஒரு பெண் என்பதையும் பாப்பாவிடம் சொல்லுங்கள். சார்கோனின் மகள் என்ஹெதுவன்னா, "ஊர்" என்ற பெயருள்ள சுமேரிய நகரத்துச் சந்திரன் கோயிலின் தலைமைப் பூசாரி. அந்தப் பாடல்களை அவரே எழுதினாரா, பின்னால் அவர் பெயரில் எழுதினார்களா என்ற வாதம் இருக்கிறது. நான் அவருடையது என்ற பக்கம்தான்.

இரண்டாவது கேள்விக்குக் கில்கமேஷ் கதைதான் பதில். அரசர் பட்டியலில் 126 ஆண்டு ஆண்டதாக இருக்கிறானே, அவன்தான். அவன் கதை முழுக்கச் சாவு பயம். நண்பன் என்கிது இறந்து, மூக்கிலிருந்து புழு விழும் வரை உடலை விடாமல் வைத்துக்கொண்டு அழுகிறான். பிறகு சாகாமல் இருக்க வழி தேடி உலகின் விளிம்புக்குப் போகிறான். கடலுக்கு அடியிலிருந்து ஒரு செடியை எடுக்கிறான். "கிழவன் இளைஞனாகிறான்" என்பதே அந்தச் செடியின் பெயர். வழியில் குளிக்க இறங்கிய நேரத்தில் பாம்பு வந்து அதைக் கவ்விக்கொண்டு, சட்டையை உரித்துப்போட்டுப் போகிறது. அவன் கரையில் உட்கார்ந்து அழுகிறான். ஆயிரம் ஆண்டு வாழ்ந்த மக்களிடம் இந்தக் கதை பிறந்திருக்காது.

மூதாதை:
களிமண்பலகை, அந்தக் கடைசி வரி என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஆனால் ஒரு வருத்தம். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நமக்கு என்ன மிச்சம்?

நெடுவழி:
167 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் இரண்டரை டன் கல்லை இழுத்தான் ஐயா. எனக்கு முப்பது அடி ஆள் இழுத்ததைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

தேனருவி:
மகள் கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னாள். நெடுவழி அண்ணா போட்ட கணக்கில் ஐந்து குழந்தைகள் முதலிலேயே போய்விட்டார்களே, அவர்களைப் பற்றி அந்தக் காலத்தில் யாராவது எழுதினார்களா என்று.

நெடுவழி:
எழுதினார்கள். எழுத்தே இல்லாத காலத்திலும் அடையாளம் வைத்தார்கள். துருக்கியில் சாத்தால்ஹுயுக்கில் ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன் குழந்தைகளை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். ரோமானியக் கல்லறைக் கற்களில் சிறு பிள்ளைகளுக்கு இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள் என்று வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் மணிக்கணக்குகூட உண்டு. பெரியவர்கள் பலருடைய கல்லில் வயது தோராயமாகப் பத்துப் பத்தாக இருக்கும். குழந்தையின் நாட்களைத்தான் யாரோ விடாமல் எண்ணி வைத்திருந்தார்கள். புறநானூற்றில் 74ஆம் பாட்டு "குழவி இறப்பினும்" என்றுதான் தொடங்குகிறது. குழந்தை இறந்தே போனாலும், அதுவும் ஆள்தான் என்று வாளால் கீறி அடக்கம் செய்த குடியைப் பற்றிச் சொல்கிறது. வீரத்தைப் பேச வந்த பாட்டு அது. ஆனால் அந்த முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் விளங்கும் அளவுக்கு அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

மூதாதை:
நெடுவழி தம்பி போட்ட பத்துக் குழந்தைக் கணக்கை இன்று காலையில் மறுபடி காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எங்கள் அம்மாவுக்கு ஒன்பது பிரசவம். மிஞ்சியது நாங்கள் ஐந்து பேர். அம்மா 91 வயது வரை இருந்தார்கள். கடைசி இரண்டு ஆண்டு எங்கள் பெயரே அவர்களுக்கு மறந்துபோனது. போன நாலு பேரின் பெயரை மட்டும், பிறந்த வரிசைப்படி, கேட்டால் உடனே சொல்வார்கள்.